டைனமோ படுக்கும் முன் வண்டி காட்டும் அறிகுறிகள்



நம் சங்க உறுப்பினர்களில் வண்டி வைத்திராதவர் இன்று அநேகமாக இல்லை. லைன் வியாபாரத்துக்கு ஒரு சரக்கு வேன், குடும்பத்துக்கும் கொள்முதலுக்கும் ஒரு கார் என்று நடுத்தர மளிகைக் கடைக்காரர்கூட வைத்திருக்கிறார். டீசல் செலவை நாம் பைசா விடாமல் எழுதி வைக்கிறோம். டயர் தேய்மானத்தைப் பார்க்கிறோம், இன்சூரன்ஸ் தேதியைப் பார்க்கிறோம். ஆனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் உரிக்காத தேங்காய் அளவுக்கு உட்கார்ந்திருக்கும் டைனமோவை மட்டும் அது படுத்த பிறகுதான் எட்டிப் பார்க்கிறோம். அதுவோ பெரும்பாலும் கடை வாசலில் படுப்பதில்லை. சரக்கோடு போன இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில்தான் படுக்கிறது.

நாம் மெக்கானிக் அல்ல. விருதுநகரில் நாற்பது வருடமாகப் பருப்பும் எண்ணெயும் மொத்தத்தில் விற்று வருகிறோம். கைப்பணத்தை இழந்தும், ஒரு ராத்திரி முழுக்கப் பயந்தும் கற்றுக்கொண்ட பாடம் இது. மற்றவர்கள் அந்தச் செலவு இல்லாமலே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறோம்.

2017ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய மாதம். நம் கடை வேனில் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தது. ஒரு நாள் எடுக்கவே இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து நேரே பேட்டரிக் கடைக்கு ஓட்டிப் போனோம். பார்த்தவர் பேட்டரி போய்விட்டது என்றார். மூன்று வருடப் பேட்டரி என்பதால் நாமும் மறுபேச்சுப் பேசவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதிது போட்டோம். மறுநாள் காலை ஒரே சொடுக்கில் வண்டி ஸ்டார்ட் ஆனது. மனதுக்குத் திருப்தி.

பத்து நாள் போயிருக்கும். டிரைவர் தம்பி வந்து சொன்னார்: "அண்ணாச்சி, மீட்டர் போர்டுல சிவப்பு லைட்டு மினுக் மினுக்குன்னு வருது. ரேஸ் குடுத்தா போயிருது." நாம் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. "புதுப் பேட்டரி போட்டிருக்கோம்ல தம்பி, இன்னும் செட் ஆகலை போல. தீபாவளி லோடு முடியட்டும், பார்ப்போம்." பேட்டரி செட் ஆவது என்று ஒன்று கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொன்னோம், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்டி எட்டயபுரம் லைன் போய்விட்டு ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தது. மழைத் தூறல். பந்தல்குடி தாண்டியதும் வைப்பர் சோம்பலாக ஆடியது. ஹெட்லைட் மஞ்சளாகி, போகப் போக அகல் விளக்குப் போல ஆனது. தம்பி ஓரம் கட்டுவதற்குள் எஞ்சினே அணைந்துவிட்டது. நாலுவழிச்சாலை. பார்க்கிங் லைட் இல்லை, இண்டிகேட்டர் இல்லை. உள்ளே மிச்சச் சரக்கும் வசூல் பணமும். தம்பியும் லோடுமேனும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பியது. வேனின் வலதுபக்கக் கண்ணாடியும் பின் மூலைத் தகரமும் போயின. லோடுமேன் பள்ளத்தில் குதித்ததால் தப்பினார். அதன் பிறகு இருவரும் சீமைக்கருவேலங் கிளைகளை ஒடித்து ரோட்டில் போட்டு, செல்போன் டார்ச்சைக் காட்டிக்கொண்டே விடியும் வரை நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்து, நம் ஊரில் முப்பது வருடமாக டைனமோ வேலை பார்க்கும் பாயிடம் விட்டோம். கழற்றிப் பார்த்தார். உள்ளே இருக்கும் இரண்டு கார்பன்களும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. தொட்டால் சார்ஜ், தொடாவிட்டால் இல்லை என்று ஒரு மாதமாகவே ஓடியிருக்கிறது. "பேட்டரியைக் குறை சொல்லாதீங்க அண்ணாச்சி. இது சோறு போடலை, அது என்ன செய்யும்?" என்றார். கார்பன் செட்டும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. நாம் கழற்றிக் கொடுத்த பழைய பேட்டரி ஒருவேளை நன்றாகவே இருந்திருக்கும்.

டைனமோவும் ஆல்டர்னேட்டரும்

பட்டறைகளில் எல்லோரும் டைனமோ என்று சொன்னாலும் இன்றைய வண்டிகளில் இருப்பது டைனமோ அல்ல, ஆல்டர்னேட்டர். நம் தகப்பனார் வைத்திருந்த பழைய அம்பாசிடரில் இருந்ததுதான் நிஜ டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது சார்ஜ் தராது. ராத்திரி பஜாருக்குள் மெதுவாக ஊர்ந்தால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், வெளியூர் ரோட்டில் வேகம் பிடித்தால்தான் ஏறும். 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்றது. பிறகு உலகம் முழுக்க அதற்கு மாறியது. நம் சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற கம்பெனிகள் இங்கேயே செய்து தர, நம் ஊர் வண்டிகளும் மாறின. பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையிலும் பழக்கப்பட்ட பெயரையே எழுதுகிறோம்.

வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. எஞ்சின் ஓடும்போது பெல்ட் வழியாக டைனமோவின் நடுத்தண்டு சுற்றுகிறது. அந்தத் தண்டில் சுற்றியிருக்கும் காயிலுக்குக் கார்பன் இரண்டும் கொஞ்சம் கரண்ட் கொடுத்து அதைக் காந்தமாக்குகின்றன. காந்தம் சுற்றும்போது வெளிக்கூட்டில் உள்ள காயில்களில் மின்சாரம் உண்டாகிறது. அது வீட்டுக் கரண்டைப் போல ஏ.சி. ஆகையால் டையோடுகள் அதை டி.சி.யாக மாற்றுகின்றன. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வோல்ட் அளவு மீறாதபடி ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. பெல்ட், பேரிங், கார்பன், காயில், டையோடு, ரெகுலேட்டர் என்ற இந்த ஆறில் ஒன்று கெட்டாலும் சார்ஜ் கெடும். ஆனால் ஒவ்வொன்றும் கெடும்போது காட்டும் அடையாளம் வேறு.

நம் பாஷையில் சொன்னால் பேட்டரி கல்லாப்பெட்டி, டைனமோ அன்றாட வரவு. காலையில் கடை திறக்க, அதாவது செல்ஃப் அடிக்க, கல்லாவிலிருந்து ஒரு பெரிய தொகை எடுக்கிறோம். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஆகும் செலவெல்லாம் வரவிலிருந்துதான் போக வேண்டும். காலையில் எடுத்ததையும் திருப்பிப் போட்டுவிட வேண்டும். வரவு நின்றால் செலவு முழுதும் கல்லாவிலிருந்தே போகும். கல்லாவில் பணம் இல்லை என்று பார்த்துக் கல்லாப்பெட்டியை மாற்றுவதைத்தான் நாம் அன்று செய்தோம்.

சிவப்பு விளக்கு

முதல் அறிகுறி மீட்டர் போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் இல்லை என்று பொருள். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயங்கள் மூன்று உண்டு.

எஞ்சின் ஓடும்போது விளக்கு மங்கலாகத் தெரிந்தால், பகலில் கை வைத்து மறைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு இருந்தாலும், டையோடு ஒன்று கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ரேஸ் கொடுத்தால் அணைந்து, நின்றால் மினுக்கினால் கார்பனோ பெல்ட்டோ சந்தேகத்துக்குரியது. நமக்கு நேர்ந்தது இதுதான். மூன்றாவது, சாவி போட்டும் விளக்கே எரியாமல் இருப்பது. "அப்பாடா, ஒரு கோளாறும் இல்லை" என்று பலர் இதைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள். பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கலாம், வயர் விட்டிருக்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தப் பல்பு வழியாகப் போகும் கரண்டுதான் டைனமோவைத் தொடக்கத்தில் எழுப்புகிறது. பல்பு போனால் சார்ஜும் சரியாகத் தொடங்காது. ஐந்து பத்து ரூபாய் பல்புக்காக டைனமோவையே கழற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

விளக்கு எரியாமலே சார்ஜ் குறைவதும் உண்டு. டையோடு ஒன்று மட்டும் போனால் பாதி முக்கால் சார்ஜ் வந்துகொண்டிருக்கும். பகல் ஓட்டத்துக்கு அது போதும், ராத்திரி ஓட்டத்துக்குப் போதாது. ஆகையால் விளக்கை மட்டும் நம்பக் கூடாது.

கண்ணும் காதும் மூக்கும்

ராத்திரி வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள். ரேஸ் கொடுக்கும்போது வெளிச்சம் கூடி, விட்டதும் மங்கினால் சார்ஜ் வலுவில்லை. பவர் விண்டோ கண்ணாடி மெதுவாக ஏறுவது, ஹாரன் சத்தம் தேய்வது, வைப்பர் சோம்புவது எல்லாம் இதே ஜாதி. மாறாக, வேகம் பிடித்தால் விளக்கு அளவுக்கு மீறிப் பளீரென்று எரிகிறது, ஹெட்லைட் பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகிறது, பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, அழுகிய முட்டை வாடை வருகிறது என்றால் ரெகுலேட்டர் கெட்டு, சார்ஜ் அளவு மீறிப் போகிறது. சார்ஜ் குறைவைவிட இது ஆபத்தானது. பேட்டரி உப்பிவிடும், வண்டியின் கம்ப்யூட்டரையும் கெடுக்கும். அந்த வாடை வரும்போது பேட்டரி அருகே பீடியோ தீக்குச்சியோ பற்ற வைக்கவே கூடாது. அதிலிருந்து வருவது தீப்பிடித்து வெடிக்கும் வாயு.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீச்" என்று கத்திப் பிறகு நிற்கும் சத்தம் பெல்ட் நழுவும் சத்தம். மழைக் காலத்தில் இது அதிகம். பலர் அதற்குச் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். சத்தம் போகும், நழுவல் போகாது. பழைய மாதிரி வி-பெல்ட்டாக இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு சக்கரத்துக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு இறங்கினால் சரி. அதிகம் இறங்கினால் தளர்ச்சி. உள்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாகி இருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு. பேரிங் சீக்கிரம் போகும்.

பேரிங் சத்தம் வேறு. மாவு மில்லில் கல் அரைப்பது போல உருளும்; ரேஸ் கூடக் கூட அதுவும் கூடும். அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் தண்டு ஆட்டம் கண்டு உள்ளே காயிலை உரசிவிடும். நூறுகளில் முடியும் வேலை ஆயிரங்களுக்குப் போவது இப்படித்தான். டையோடு கெட்டால் சன்னமாக ஒரு முனகல் கேட்கும். அதே முனகல் பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கரிலும் ரேஸுக்குத் தக்கபடி ஏறி இறங்கும்.

ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட். வார்னிஷ் கருகும் வாடை வந்தால் காயில்.

இன்னொரு சோதனையைப் பாய் சொல்லிக் கொடுத்தார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டைனமோவைக் கையால் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சில்லென்று இருக்கும்போது அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், டையோடு ஷார்ட் ஆகிப் பேட்டரியின் கரண்ட் ராத்திரி எல்லாம் அதன் வழியாகக் கசிந்திருக்கிறது. பகலில் நன்றாக ஓடும் வண்டி காலையில் செல்ஃப் எடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

டீசல் வண்டி வைத்திருப்போர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய டீசல் கார், ஜீப், வேன் பலவற்றில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் டைனமோவின் பின்பக்கத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு எஞ்சின் ஆயில் போகும். சீல் கெட்டால் அந்த ஆயில் டைனமோவுக்குள் இறங்கிக் கார்பனைக் கெடுக்கும். டைனமோ மேல் ஆயில் கறை தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். இந்த வகை வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் போவது மட்டுமல்ல, கொஞ்ச நேரத்தில் பிரேக்கும் கல் மாதிரி இறுகும். லோடு வண்டியில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

இத்தனை அறிகுறிகளையும் மனப்பாடம் செய்ய முடியாதவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. எலக்ட்ரிக் கடையில் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு முள்ளைப் பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் கறுப்பு முள்ளை மைனஸிலும் வையுங்கள்.

வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்றிருக்கும்போது 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவே வந்து நின்றால் டைனமோ நன்றாக இருக்கிறது. பிறகு ஹெட்லைட், ஏ.சி., வைப்பர் எல்லாவற்றையும் போட்டுக் கொஞ்சம் ரேஸ் கொடுங்கள். அப்போதும் 13.5க்குக் குறையாமல் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடியும் 12.5, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் வரவு இல்லை, கல்லாவிலிருந்து செலவு ஆகிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி அதே இடத்தில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு சந்தேகம்.

ஒரு எச்சரிக்கை. சமீப வருடங்களில் வந்த கார்கள் சிலவற்றில் எவ்வளவு சார்ஜ் தருவது என்பதை வண்டியின் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் டீசல், பெட்ரோலை மிச்சப்படுத்த வேண்டுமென்றே குறைத்துவிடும். அந்த வண்டியில் ஒரு நேரம் 12.8 என்று காட்டியதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டதும் ஏறினால் கோளாறு இல்லை.

மீட்டர் குறைத்துக் காட்டினாலும் டைனமோவைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, இறுக்கி முடுக்கி, வாசலின் தடவுங்கள். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் ஆட்டிப் பாருங்கள். டைனமோ நன்றாக இருந்தும் சார்ஜ் பேட்டரிக்குப் போய்ச் சேராமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. இந்த வேலைக்குக் காசு செலவில்லை.

வண்டியில் எதையெல்லாம் சேர்த்து மாட்டியிருக்கிறோம் என்பதும் கணக்கில் வரவேண்டும். 60 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் போகிறது. வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மாட்டினால் அதுவே 17 ஆம்பியருக்கு அருகில் வந்துவிடும். அதன் மேல் பனி விளக்கு, இரட்டை ஹாரன், சீரியல் பல்பு, பெரிய ஸ்பீக்கர். கம்பெனி கொடுத்த டைனமோ இதற்கெல்லாம் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டதல்ல. நம் டிரைவர் தம்பிகளுக்கு இதில் ஆசை அதிகம், முதலாளிகள்தான் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை

வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்து, "எஞ்சின் அணையலை, டைனமோ நல்லாருக்கு" என்று சொல்லும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. நம் தகப்பனாரின் அம்பாசிடரில் நாமே பல தடவை செய்திருக்கிறோம். அந்தக் காலத்து டைனமோவுக்கு அது பொறுத்துப்போயிற்று. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் பேட்டரியைத் திடீரென்று விலக்கினால் வோல்ட் ஒரு நொடி பல மடங்கு எகிறும். டையோடு, ரெகுலேட்டர், எஞ்சின் கம்ப்யூட்டர் எது வேண்டுமானாலும் போகலாம். நமக்குப் பழக்கமான ஒரு வியாபாரி இப்படிச் செய்யவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் பேட்டரி விலையைப் போல் பல மடங்கு கொடுத்தார்.

பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது ப்ளஸ் மைனஸ் மாறினால் டையோடு அந்த நொடியே போய்விடும். அவசரத்தில், இருட்டில் இதுதான் நடக்கிறது. சரக்கு வேனின் பாடியில் வெல்டிங் வைக்கக் கொடுக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் டைனமோ மீது நேரடியாகப் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

வழியில் விளக்கு எரிந்தால்

முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். சில வண்டிகளில் டைனமோவையும் தண்ணீர் பம்பையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. சிவப்பு விளக்கோடு சூடும் ஏறினாலோ, ஸ்டியரிங், பிரேக் இறுகினாலோ பெல்ட் அறுந்திருக்கிறது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டியதுதான். மேற்கொண்டு ஓட்டினால் எஞ்சின் போகும்.

சூடு ஏறவில்லை என்றால் ஏ.சி., பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பகலாக இருந்தால் அருகில் உள்ள ஊருக்கு ஓட்டிப் போகலாம். நடுவில் டீக்குடிக்க நிறுத்தி எஞ்சினை அணைக்கக் கூடாது; மறுபடி செல்ஃப் எடுக்காது. எவ்வளவு தூரம் ஓடும்? 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நிறைந்திருக்கிறது, ராத்திரியில் மழையோடு 25 ஆம்பியர் செலவு என்று வைத்தால் தாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். ரோட்டில் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. பேட்டரி முழுதும் காலியாகும் வரை எஞ்சின் காத்திருக்காது.

பழைய டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த வண்டிகளில் பம்ப் முழுதும் மெக்கானிக்கல். ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரி செத்தாலும் பல வண்டிகள் வீடு வந்து சேரும். இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் டீசலைப் பீய்ச்சுவதே கம்ப்யூட்டர். வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் முன்னறிவிப்பு இல்லாமல் அணையும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகையால் ராத்திரியில் விளக்கு எரிந்தால் வீடு வரை இழுத்துப் பார்க்க வேண்டாம். வெளிச்சம் உள்ள முதல் பெட்ரோல் பங்கில் வண்டியைப் போடச் சொல்லிவிடுங்கள். பேட்டரியை நம்பாத முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒரு டார்ச்சும் வண்டியில் இருக்க வேண்டும். கருவேலங் கிளை எல்லா ஊரிலும் கிடைக்காது.

பட்டறையில்

"முழுசா மாத்திரலாம்" என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் பொறுங்கள். கார்பன், பேரிங், ரெகுலேட்டர், டையோடு பிளேட் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும் மாடல்கள் நிறைய உண்டு. காயில் கருகியிருந்தால் புதிதாகச் சுற்றித் தருவோரும் உண்டு. ஆனால் சுற்றிய காயிலுக்கும் புது டைனமோவுக்கும் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் புதியதே மேல் என்பது நம் அபிப்பிராயம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் நம் மீட்டரை நாமே வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பாய் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, நல்ல தொழிலாளி யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டைனமோ சரி செய்ததும், காலியான பேட்டரியை வெளியில் சார்ஜரில் போட்டு நிறைத்த பிறகே வண்டியில் மாட்டுவது நல்லது. செத்த பேட்டரியை மாட்டி உடனே நெடுந்தூரம் ஓட்டினால் புது டைனமோ முழுப் பாரத்தையும் இழுத்துச் சூடேறும்.

பேட்டரியில் ஓடும் சரக்கு ஆட்டோக்களுக்கு இந்த டைனமோவே கிடையாது. அவற்றின் பெரிய பேட்டரியிலிருந்து வேறொரு கருவி மூலம் 12 வோல்ட் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் அந்த வண்டி இல்லாததால் அதைப் பற்றி அனுபவமுள்ள உறுப்பினர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

நம் கடையில் இப்போது திங்கட்கிழமை காலை லோடு ஏற்றும் முன் டிரைவர் தம்பி மீட்டர் வைத்து இரண்டு எண்களை டிரிப் நோட்டில் எழுதுகிறார். எஞ்சின் ஓடாமல் ஒன்று, எல்லா விளக்கும் போட்டு ஓடவிட்டு ஒன்று. ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. பல வாரங்களாக 14.1, 14.0 என்றே வந்த நோட்டில் ஒரு திங்கட்கிழமை 13.2 என்று எழுதியிருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் பெல்ட்டில் ஆயில் பட்டு நழுவிக்கொண்டிருந்தது. கசிவை அடைத்து, பெல்ட்டை மாற்றி, பதினோரு மணிக்கு வண்டியை அருப்புக்கோட்டை லைனுக்கு அனுப்பினோம்.